மருத்துவர் பதில்கள்: ஒரே கீமோ, வெவ்வேறு உடல்கள்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் கீமோதெரபி குறித்துக் கன்னியாகுமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை மரபணுவைப் பற்றியே கேட்டிருந்தன. ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் கேள்விகளை மட்டும் தேர்ந்தெடுத்து இம்முறை பதில் எழுதுகிறேன். நோயாளிகளின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, என் அப்பாவுக்கு வயது 58. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. பெருங்குடலில் இருந்த கட்டியை அறுவை செய்து எடுத்தபின், நோய் திரும்பாமலிருக்கக் கேபசிடபின் மாத்திரை கொடுத்தார்கள். முதல் சுற்று முடிவதற்குள் வாயெல்லாம் புண், நிற்காத வயிற்றுப்போக்கு, காய்ச்சல். வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிட்டதாகச் சொல்லி உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டார்கள். இதே மாத்திரையைச் சாப்பிடும் எங்கள் தெருக்காரர் ஒருவர் மார்த்தாண்டம் சந்தைக்குப் பஸ்ஸில் போய் வருகிறார். மாத்திரை போலியாக இருக்குமோ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அப்பாவின் உடம்புதான் தாங்கவில்லையா?
— வாசகி, அருமனை

பதில்: போலி மாத்திரையால் இவ்வளவு கடுமையான விளைவு வருவது அரிது. நீங்கள் விவரிக்கும் குறிகள் மருந்து அளவுக்கு மேல் வேலை செய்ததையே காட்டுகின்றன. உங்கள் அப்பா பலவீனமானவர் என்றும் இதற்குப் பொருளில்லை. விடியலுக்கு முன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் ஏறி இறங்குகிறவரின் உடலிலும் ஒரு குறிப்பிட்ட நொதி மட்டும் குறைவாகச் சுரக்கலாம்.

கேபசிடபின் உடலுக்குள் சென்றபின் 5-ஃப்ளூரோயூராசில் என்ற மருந்தாக மாறுகிறது. 1957-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹைடெல்பெர்கரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய இம்மருந்துதான் இன்றுவரை குடல் புற்றுநோய்ச் சிகிச்சையின் அடித்தளம். உடலில் சேரும் மருந்தில் 80 சதவீதத்துக்கும் மேலானதைக் கல்லீரலில் உள்ள டி.பி.டி. என்ற நொதி சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. எஞ்சும் சிறு பகுதியே புற்றணுக்களைத் தாக்குகிறது. பாடநூல்களில் அச்சாகியிருக்கும் மருந்தளவு, இந்தப் பெரும்பகுதி சிதைந்துவிடும் என்ற கணக்கின் மேல்தான் நிற்கிறது. உயரத்தையும் எடையையும் கொண்டு உடற்பரப்பைக் கணக்கிட்டு மில்லிகிராமைத் தீர்மானிக்கிறோம். ஆனால் அந்த நொதி எவ்வளவு இருக்கிறது என்பதை உயரமும் எடையும் சொல்வதில்லை. ஒரே மழைதான் பெய்கிறது என்றாலும் மறுகால் தூர்ந்துபோன குளம் கரையை மீறிவிடும் அல்லவா? நொதி பாதியாகிவிட்ட உடலில் நடப்பதும் அதுதான். சிதையாமல் தங்கிவிடும் மருந்து, வேகமாகப் பெருகும் அணுக்கள் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம், அதாவது வாயின் உட்புறத்திலும் குடலின் உட்சுவரிலும் எலும்பு மச்சையிலும், தன் வேலையைக் காட்டுகிறது.

அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவின் பெயர் டி.பி.ஒய்.டி. அதில் ஏற்படும் பல மாறுபாடுகளில் நான்கு, நொதியைக் குறைப்பவை என்று உறுதியாக நிறுவப்பட்டுள்ளன. ஐரோப்பிய மருந்து முகமையின் கணக்குப்படி, வெள்ளையரில் நூற்றுக்கு 9 பேர் வரை இந்த நொதி குறைவாக உள்ளவர்கள், 0.5 சதவீதம் வரையிலானோருக்கு அது அறவே இல்லை. அறவே இல்லாதவருக்கு வழக்கமான அளவு உயிரையே பறிக்கக்கூடும். அதனால்தான் 2020-இல் அந்த முகமை, இவ்வகை மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே பரிசோதிக்கப் பரிந்துரைத்தது. நெதர்லாந்தில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் 1103 நோயாளிகளை முன்கூட்டியே பரிசோதித்தார்கள். 85 பேரிடம் மாறுபாடு இருந்தது. எந்த மாறுபாடு என்பதைப் பார்த்து 25 அல்லது 50 சதவீதம் அளவைக் குறைத்தார்கள். பாதியாகக் குறைக்கப்பட்டவர்களுக்குப் பலன் தெளிவாகத் தெரிந்தது. கால்பங்கு மட்டும் குறைத்தது சிலருக்குப் போதவில்லை. அதன்பின் வந்த வழிகாட்டுதல்கள், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொன்றாக வரும் இரு மரபணுப் பிரதிகளில் ஒரு பிரதி மட்டும் பழுதான அனைவருக்கும் பாதி அளவில் தொடங்கி, தாங்குவதைப் பார்த்து மெல்ல உயர்த்தச் சொல்கின்றன.

மரபணு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டவும் கூடாது. சிறுநீரகம் மந்தமாக வேலை செய்தாலும் கேபசிடபின் உடலில் தேங்கும். இரத்தசோகைக்கென்று வீட்டில் கிடக்கும் ஃபோலிக் அமில மாத்திரை இம்மருந்தின் நச்சுத்தன்மையைக் கூட்டும். 14 நாள் சாப்பிட்டு 7 நாள் ஓய்வு என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் ஓய்வு நாள்களிலும் விழுங்கிவிடுபவர்கள் உண்டு. மீதியிருக்கும் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். ஆனால் முதல் சுற்றிலேயே வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, வெள்ளணு வீழ்ச்சி ஆகிய மூன்றும் ஒருசேர வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது டி.பி.டி. குறைபாட்டைத்தான். பரிசோதனை முடிவு வரும்வரை அதே அளவில் மாத்திரையைத் தொடர வேண்டாம். ‘உடம்பு தேறியதும் மறுபடி ஆரம்பிக்கலாம்’ என்று யாரேனும் சொன்னால், முடிவு வந்ததா என்று கேளுங்கள். யூரிடின் ட்ரைஅசிடேட் என்றொரு முறிமருந்து 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடைசி வேளை மருந்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் அதைத் தொடங்க வேண்டும் என்பதாலும், விலை மிக அதிகம் என்பதாலும், அதை நம்பிச் சிகிச்சையைத் திட்டமிட இயலாது.

இன்னொன்று. நோய் மீண்டும் வராமலிருக்கும் சிகிச்சையே வேண்டாம் என்று குடும்பத்தார் தீர்மானித்துவிட வேண்டாம். அளவைத் திருத்திக்கொண்டு சிகிச்சையை முடித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். பின்னாளில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோலுரிந்தால், பால்வெட்டுக் கத்தியைப் பிடிப்பதையும் ஒட்டுப்பால் உரிப்பதையும் சில வாரம் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். அது இம்மருந்து பலருக்கும் தரும் தொல்லைதான். நொதி சரியாக உள்ளவர்களுக்கும் வரும்.

கேள்வி: என் மைனிக்கு அடுத்த மாதம் கீமோ தொடங்குகிறார்கள். மரபணுப் பரிசோதனை என்றால் என்ன எடுப்பார்கள், எப்போது எடுக்க வேண்டும்? ‘நார்மல்’ என்று வந்துவிட்டால் கவலையில்லாமல் இருக்கலாமா?
— வாசகர், தக்கலை

பதில்: கையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுப்பார்கள், சாப்பிடாமல் வர வேண்டியதில்லை. பெரும்பாலும் மாதிரி பெருநகர ஆய்வகத்துக்குப் போய்த்தான் முடிவு வர வேண்டும் என்பதால், எப்போது கேட்பது என்பதில்தான் காரியம் இருக்கிறது. அறுவைக்குப் பின் கீமோவைப் பொதுவாக 6 முதல் 8 வாரங்களுக்குள் தொடங்குவார்கள். தையல் பிரிக்கப் போகும் நாளிலேயே இரத்தம் கொடுத்துவிட்டால், முதல் ஊசிக்கு முன் தாள் கையில் இருக்கும். சிகிச்சை ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. கீமோ நாற்காலியில் உட்கார்ந்தபின் நினைவுக்கு வந்தால், காத்திருப்பதா தொடங்குவதா என்ற இழுபறி. உங்கள் மைனிக்கு இன்னும் நேரமிருக்கிறது. இந்த வாரமே கேளுங்கள்.

டி.பி.டி. நொதி சிதைக்கும் யூராசில் என்ற பொருள் இரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்கும் வேறொரு முறையும் உண்டு. பிரான்சில் அதுவே நடைமுறை. எடுத்த இரத்தத்தைக் குளிரில் வைத்து விரைவில் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியைப் பிரிக்காவிட்டால் அளவு தானாகவே ஏறிவிடும். தக்கலையில் எடுத்த குழாயை வெளியூருக்கு அனுப்பிப் பார்ப்பதற்கு ஏற்ற சோதனை அதுவன்று.

‘நார்மல்’ என்ற சொல்லைக் கவனமாகப் படிக்க வேண்டும். வழக்கமாகச் சோதிக்கப்படும் நான்கு மாறுபாடுகளும் பெரும்பாலும் ஐரோப்பிய நோயாளிகளை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றுள் மிகவும் அறியப்பட்ட *2ஏ என்ற வகை நம்மவரிடையே அவ்வளவாக இல்லை. ஹாப்-பி3 என்ற வகை தெற்காசியரிடமும் காணப்படுகிறது. நம்மிடையே மட்டும் உள்ள, பட்டியலில் இடம்பெறாத மாறுபாடுகளும் இருக்கக்கூடும். எனவே, ‘மாறுபாடு காணப்பட்டது’ என்ற முடிவை முழுமையாக நம்பலாம். ‘காணப்படவில்லை’ என்ற முடிவை ஓரளவே நம்பலாம். என்னைக் கேட்டால், இந்தியாவில் இச்சோதனைக்கு எதிராகச் சொல்லப்படும் ‘நம்மவருக்குப் பொருந்தாது’ என்ற வாதம் பாதிதான் சரி. ஒருவருக்கு இச்சோதனையைச் செய்யும் செலவு, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வாரம் கிடப்பதற்கான செலவை விடக் குறைவு. அதற்காக முடிவு நன்றாக வந்தபின் காய்ச்சலை அலட்சியம் செய்யக் கூடாது. முதல் சுற்றில் உடல்வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, வழக்கத்தை விட ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடுதலாக மலம் போனாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவைக் கடத்த வேண்டாம்.

கேள்வி: நான் குளச்சலில் மீன் ஏற்றுமதிக்குப் பெட்டி கட்டும் வேலை செய்கிறேன். ஆக்சாலிபிளாட்டின் ஊசி போட்டபின் ஐஸில் கை வைத்தால் மின்சாரம் பாய்ந்தது போலிருக்கிறது. குளிர்ந்த நீர் குடித்தால் தொண்டை அடைக்கிறது. இதற்கும் மரபணுதான் காரணமா?
— வாசகர், குளச்சல்

பதில்: ஐஸில் கை கூசுவதும் தொண்டை இறுகுவதும் இம்மருந்தைப் பெறும் பெரும்பாலானோருக்கு வருவது, ஒவ்வோர் ஊசிக்குப் பின்னும் சில நாள் நீடித்துக் குறையும். ஜி.எஸ்.டி.பி.1, ஈ.ஆர்.சி.சி.1 போன்ற மரபணுக்களின் மாறுபாடுகளை இதனோடு இணைத்துப் பல ஆய்வுகள் வந்தன. ஒன்று சொன்னதை இன்னொன்று மறுத்தது. ஆகவே ஆக்சாலிபிளாட்டினுக்கென்று ஒரு மரபணுச் சோதனையை யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது வேறு. கூச்சம் இரு சுற்றுகளுக்கு இடையே முழுதும் மறையாமல், விரல்நுனிகள் மரத்தே இருக்கின்றனவா? சட்டைப் பொத்தானைப் போடுவதும் பெட்டியில் நாடாவை முடிவதும் தடுமாறுகிறதா? இருந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், அல்லது இந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைத் தொடரலாம். சேர்ந்துகொண்டே போகும் மரப்பு பல மாதங்கள் நிலைக்கும், சிலருக்கு நிரந்தரமாகிவிடும். ஊசி போட்ட வாரத்தில் ஐஸ் பக்கம் போகாத வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் தம்பிக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே பட்டினி கிடந்தாலோ தூக்கம் கெட்டாலோ கண் லேசாக மஞ்சளாகும். ஒவ்வொரு முறையும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்போம்; சரியாகிவிடும். இப்போது அவனுக்குக் குடல் புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருப்பதால் இரினோடீகன் என்ற மருந்தைச் சேர்க்கப் போகிறார்கள். பழைய மஞ்சள் காமாலையைச் சொல்ல வேண்டுமா?
— வாசகி, ராஜாக்கமங்கலம்

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டிய கடிதம் உங்களுடையதுதான்.

நீங்கள் விவரிப்பது கில்பர்ட் குறைபாடு என்ற, தன்னளவில் தீங்கில்லாத நிலையாக இருக்க வாய்ப்பு அதிகம். யூ.ஜி.டி.1ஏ1 என்ற மரபணு உண்டாக்கும் நொதி பித்த நிறமியான பிலிருபினைக் கழித்து வெளியேற்றுகிறது. அம்மரபணுவின் முன்பகுதியில் ‘டி.ஏ.’ என்ற எழுத்திணை வழக்கமாக ஆறு முறை வரும். ஏழு முறை வந்தால் நொதியின் உற்பத்தி குறையும். இந்த மாறுபாட்டுக்கு *28 என்று பெயர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவருக்குப் பட்டினி, காய்ச்சல், உறக்கமின்மை ஆகிய காலங்களில் கண் மஞ்சளாகும். இரண்டொரு நாளில் தானே தெளியும். கீழாநெல்லி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தெளிந்திருக்கும் என்பதே என் கருத்து. டி.பி.டி. குறைபாட்டைப் போலன்றி, இந்த மாறுபாடு இந்தியரிடையே மிகப் பரவலாக உள்ள ஒன்று.

இரினோடீகன் உடலில் எஸ்.என்.-38 என்ற வீரியமிக்க பொருளாக மாறுகிறது. அதைக் கழித்து வெளியேற்றுவதும் இதே நொதிதான். இரு பிரதிகளும் *28 ஆக இருந்தால் வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்கு விழும் வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-இலேயே இதை மருந்தின் குறிப்பேட்டில் சேர்க்கச் செய்தது. நெதர்லாந்தின் வழிகாட்டுதல் அத்தகையோருக்கு வழக்கமான அளவில் 70 சதவீதத்தில் தொடங்கச் சொல்கிறது. ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் பொதுவாக அளவைக் குறைப்பதில்லை. தம்பிக்கு இம்மருந்துடன் 5-ஃப்ளூரோயூராசிலும் சேர்த்துத்தான் தருவார்கள் என்பதால், ஒரே இரத்த மாதிரியில் இரு மரபணுக்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈரலில் பரவிய கட்டியால் பித்தக்குழாய் அடைபட்டும் கண் மஞ்சளாகலாம். ‘இவனுக்கு எப்போதும் வருவதுதானே’ என்று இனி வீட்டிலேயே தீர்மானிக்க வேண்டாம்.

இடையில் ஒரு செய்தி: இரினோடீகனுக்கு மூலமான கேம்ப்டோதெசின் முதலில் ஒரு சீன மரத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1966-இல் அறிவிக்கப்பட்டது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்திலும் அது மிகுதியாக உள்ளது என்பதை 1972-இல் வெளிப்படுத்தியவர்கள் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் பணியாற்றிய விஸ்வநாதனும். இதைப் படித்துவிட்டு யாரும் மலையில் ஏறிப் பட்டை சீவ வேண்டாம். கேம்ப்டோதெசினின் சோடியம் உப்பை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த தொடக்க காலச் சோதனைகள் கடுமையான பக்கவிளைவுகளால் கைவிடப்பட்டன.

கேள்வி: அறுவை முடிந்த பிறகு வந்த அறிக்கையில் ‘கே-ராஸ் மரபணு மாற்றம் உண்டு’ என்று எழுதியிருக்கிறது. என் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் இது வருமா? இதைப் பார்த்துவிட்டு, ஒரு விலையுயர்ந்த ஊசி பயன்படாது என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், திங்கள்நகர்

பதில்: பலரையும் குழப்பும் இடம் இது. மேலே சொன்ன டி.பி.ஒய்.டி.யும் யூ.ஜி.டி.1ஏ1-உம் நீங்கள் பிறந்தபோதே வந்தவை. உடலின் ஒவ்வோர் அணுவிலும் இருப்பவை. அதனால்தான் அவற்றை இரத்தத்தில் பார்க்கிறோம். கே-ராஸ் மாற்றம் கட்டிக்குள் மட்டும், உங்கள் வாழ்நாளில் பின்னர் தோன்றியது. பிள்ளைகளுக்குக் கடக்காது. முன்னவை, மருந்தை உங்கள் உடல் எவ்வாறு கையாளும் என்பதைச் சொல்கின்றன. பின்னது, எந்த மருந்துக்குக் கட்டி பணியும் என்பதைச் சொல்கிறது. ஒரு சோதனை செய்தாயிற்று என்பதால் மற்றது தேவையில்லை என்றாகாது.

குடல் புற்றுநோயாளிகளில் சுமார் 40 சதவீதத்தினரின் கட்டியில் கே-ராஸ் மாற்றம் உண்டு. செடுக்சிமாப், பானிடுமுமாப் ஆகிய ஊசிகள் அணுவின் வெளிப்புறத்தில், பெருகச் சொல்லும் சைகையை ஏற்கும் ஒரு வாங்கியை அடைக்கின்றன. கே-ராஸ் மாறியிருந்தால், அந்த வாங்கியை அடைத்தாலும் ‘பெருகு’ என்ற கட்டளை உள்ளிருந்தே பிறந்துகொண்டிருக்கும். ஆகவே அந்த ஊசி உங்களுக்கு வேண்டாம் என்று சொன்னவர் சரியாகவே சொன்னார்; பயனற்ற ஒன்றுக்கு நகையை அடகு வைக்காமல் காப்பாற்றியிருக்கிறார். வழக்கமான கீமோ மருந்துகள் உங்களுக்கு வேலை செய்யும்.

பெண்பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு விடை அதே கட்டியின் வேறொரு சோதனையில் இருக்கிறது. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய நான்கு புரதங்கள் மரபணு நகலெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்துபவை. கட்டியில் இவற்றுள் ஏதேனும் காணாமற்போயிருக்கிறதா என்பதை நிறச்சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். குடல் புற்றுநோய்களில் சுமார் 15 சதவீதம் இவ்வகை. இதில் சிகிச்சைக்கும் ஒரு பெரிய செய்தி உண்டு: இரண்டாம் நிலையில் உள்ள இவ்வகைக் கட்டிகளுக்கு 5-ஃப்ளூரோயூராசில் மட்டும் தருவதால் பயன் இல்லை, அக்கட்டி வந்தவர்கள் அறுவையோடு நன்றாகவே இருப்பார்கள். பரவிய நிலையில், பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து கீமோவை விட நீண்ட காலம் நோயைக் கட்டுப்படுத்தியதை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அந்தப் புரதம் இல்லாமற்போனது பிறவியிலேயே வந்த மாறுபாட்டால் என்றால் அது லிஞ்ச் நோய்க்குறி; குடல் புற்றுநோயாளிகளில் சுமார் 3 சதவீதத்தினருக்கு உண்டு. அப்போதுதான் பிள்ளைகளைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி. கடந்திருந்தால் இளவயதிலேயே பெருங்குடல் உள்நோக்கிச் சோதனையைத் தொடங்க வேண்டும். பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் குறித்த கவனமும் தேவை. உங்கள் அறிக்கையில் அந்த நான்கு பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டி பதிந்த மெழுகு பிளாக்கை அறுவை செய்த மருத்துவமனையின் நோயியல் பிரிவிலிருந்து எழுதிக் கொடுத்து வாங்கலாம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் செல்லும் நம் மாவட்டத்தார் பலர் ஸ்லைடை மட்டும் எடுத்துப் போகிறார்கள். பிளாக்கையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். மேற்கொண்டு செய்யும் சோதனைகளுக்கு அதுதான் தேவைப்படும்.

கேள்வி: எங்கள் பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன் முறையில் திருமணம் செய்தவர்கள். அதனால் எனக்குக் கீமோ ஒத்துக்கொள்ளாமற்போகுமா?
— வாசகர், தோவாளை

பதில்: ஒரு பிரதி பழுதாக இருப்பதற்கும் உறவுமுறைத் திருமணத்துக்கும் தொடர்பில்லை. இரு பிரதிகளும் பழுதாகும் வாய்ப்புதான், அதாவது நொதி அறவே இல்லாத நிலைக்கான வாய்ப்புதான், கூடுகிறது. அது அரிதே, ஆனாலும் கீமோவுக்கு முன் டி.பி.ஒய்.டி. சோதனையைக் கேட்டுப் பெற உங்களுக்கு மற்றவரை விட ஒரு காரணம் கூடுதலாக இருக்கிறது. இந்த உறவுமுறையை மருத்துவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு டி.பி.ஒய்.டி. மாறுபாடு இருப்பதாக முடிவு வந்து, பாதி அளவில் கீமோ முடிந்துவிட்டது. இனி அந்தத் தாள் எதற்கு?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: வாழ்நாள் முழுவதும் பயன்படும். இதே மருந்தை மார்பக, இரைப்பைப் புற்றுநோய்களுக்கும் தருகிறார்கள். லேமினேட் செய்து ஆதார் அட்டையோடு வையுங்கள். செல்போனிலும் படமெடுத்து வையுங்கள். உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதன் நகலைக் கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் அது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பாதி. அவர்கள் இப்போதே பரிசோதித்துக்கொள்ள வேண்டியதில்லை. என்றைக்காவது அவர்களுள் ஒருவருக்கு இம்மருந்து எழுதப்பட்டால், முதல் மாத்திரைக்கு முன் அந்த நகலைக் காட்டிப் பரிசோதித்துக்கொண்டால் போதும்.